இணையத்தில் துணை தேடுவது எப்படி: சுயவிவரம் முதல் நேர்ச் சந்திப்பு வரை

டேட்டிங் தளங்கள் ஒன்றும் புதியவை அல்ல. மேட்ச்.காம் 1995-லேயே தொடங்கப்பட்டது. 2012-ல் டிண்டர் என்ற கைபேசிச் செயலி வந்த பிறகு, கணினி முன் அமர்ந்து நீண்ட படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த வேலை, கைபேசித் திரையை விரலால் தள்ளும் வேலையாகச் சுருங்கியது. அமெரிக்காவில் 2017-ல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பை ஆராய்ந்த சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும், அந்த ஆண்டில் புதிதாகச் சேர்ந்த ஆண்-பெண் இணையரில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இணையத்தின் வழியாகச் சந்தித்தவர்கள் என்று கண்டறிந்தார்கள். ஆகவே இவ்வழியில் தேடுவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் தளம் அறிமுகத்தை மட்டுமே செய்து வைக்கும்; பழகிப் பார்த்து முடிவெடுப்பது நம் பொறுப்பு. திரைக்குள் கழியும் காலத்தைக் குறைத்து, தகுந்தவரை விரைவாகவும் பாதுகாப்பாகவும் நேரில் சந்திக்கும் இடத்துக்கு வந்து சேர்வதே இதிலுள்ள சாமர்த்தியம்.

திருமணமா, நீண்ட கால உறவா, இப்போதைக்குப் பழகிப் பார்ப்பதா என்பதை முதலில் தனக்குத்தானே தெளிவாக்கிக்கொண்டு, அதே நோக்கமுள்ளவர்கள் கூடும் தளங்களில் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். ‘எங்கள் கணக்கீட்டு முறை உங்களுக்கென்றே பிறந்தவரைக் கண்டுபிடித்துத் தரும்’ என்பன போன்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். உளவியலாளர் ஈலை ஃபிங்கெலும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, அத்தகைய கூற்றுகளுக்குத் தகுந்த சான்று இல்லை என்றே முடிவு சொன்னது.

சுயவிவரத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதல் படத்தில் நீங்கள் தனியாக, குளிர்கண்ணாடி இல்லாமல், முகம் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். முழு உருவம் தெரியும் படம் ஒன்றும், நீங்கள் விரும்பிச் செய்யும் ஏதோ ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும் படம் ஒன்றும் சேர்ந்தால் நல்லது. ஐந்து நண்பர்கள் நடுவே நின்று, இதில் யார் என்று பார்ப்பவரைத் தேட வைக்கும் படத்தால் பயனில்லை. படத்தின் பின்னணியில் வீட்டு எண், வாகன எண், அலுவலக அடையாள அட்டை ஆகியவை தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். சமூக ஊடகக் கணக்கில் ஏற்கெனவே உள்ள படத்தையே இங்கும் போட்டால், படத்தைக் கொண்டு தேடும் வசதியின் மூலம் உங்கள் முழுப் பெயரையும் பணியிடத்தையும் யாரும் கண்டுபிடித்துவிடக்கூடும்.

எழுத்துப் பகுதியில் பலர் செய்வது, எல்லோருக்கும் பிடித்தவராகத் தோன்ற முயல்வது. ‘பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும், நகைச்சுவை உணர்வு உண்டு’ என்ற வரி உலகில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அதைப் படித்து யாரும் எதையும் கேட்க முடியாது. மாறாக, ‘ஞாயிறு விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், திரும்பி வந்த பின் ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டேன்’ என்று எழுதினால், அந்த மௌனத்தைத் தாங்க முடியாதவர் தாமாகவே விலகிக்கொள்வார், புன்னகைத்தவர் கடிதம் போடுவார். பொருந்தாதவரை அனுப்பிவைப்பதும் சுயவிவரத்தின் வேலைதான். குழந்தைகள் இருப்பது, மணமுறிவு, புகைப்பழக்கம், மத நம்பிக்கை போன்று பின்னால் முட்டுக்கட்டையாகக்கூடிய செய்திகளை முன்னதாகவே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வயதையும் உயரத்தையும் கூட்டிக் குறைக்காதீர்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், தளங்களைப் பயன்படுத்தும் 80 பேரின் உயரம், எடை, வயது ஆகியவற்றை நேரில் சரிபார்த்தபோது, 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தது தெரியவந்தது. பெரும்பாலானவை சின்னப் பொய்கள்தாம். என்றாலும் முதல் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே வெளுத்துவிடும் பொய்யால் என்ன லாபம்?

முதல் செய்தியில் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்புவது, உரையாடலைத் தொடங்கும் உழைப்பை எதிராளியின் தலையில் கட்டுவதாகும். அவருடைய விவரத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். ‘உங்கள் இரண்டாவது படத்திலுள்ள சதுரங்கப் பலகையில் கறுப்பு ராணி வெட்டுப்பட்டுக் கிடக்கிறதே, தோற்றது நீங்களா?’ என்பது போன்ற ஒரு கேள்வி போதும். பதில் வராவிட்டால் மீண்டும் மீண்டும் எழுத வேண்டாம்.

பேச்சு வளர்ந்தால், ஒன்றிரண்டு வாரங்களுக்குள் வீடியோ அழைப்புக்கும், பிறகு நேர்ச் சந்திப்புக்கும் நகர்ந்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தால், தெரியாத இடங்களையெல்லாம் கற்பனை நிரப்பிவிடும். நேரில் வருபவர் அந்தக் கற்பனை மனிதரோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

மோசடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் 2022-ல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி குறித்துப் புகார் அளித்தனர். அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர். ஏமாந்தவர்களை அறிவிலிகள் என்று எள்ளுவது எளிது, ஆனால் இது பொறுமையாகப் பின்னப்படும் வலை. மோசடிக்காரர்கள் பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே உங்களைத் தளத்தை விட்டு வேறு செயலிக்கு அழைப்பார்கள். காலை வணக்கமும் காதல் மொழியும் தவறாமல் வரும். கடலில் எண்ணெய்க் கிணற்றிலோ வெளிநாட்டு ராணுவ முகாமிலோ பணி என்பதால் நேரில் வர இயலாது என்பார்கள். அதன் பின் திடீர் மருத்துவச் செலவு வரும், அல்லது கிரிப்டோ முதலீட்டில் தாம் ஈட்டிய லாபத்தைக் காட்டி உங்களையும் சேரச் சொல்வார்கள். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு திரும்ப எடுக்க விடுவார்கள். அந்த நம்பிக்கையில் போடும் பெருந்தொகைதான் திரும்பாது. வீடியோவில் முகம் காட்டினாலும், போலி முகங்களை உருவாக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்ட இக்காலத்தில் அதை மட்டுமே சான்றாகக் கொள்ள முடியாது. எனவே நேரில் சந்திக்காத ஒருவருக்குப் பணம், பரிசு அட்டை எண், கைபேசிக்கு வரும் ஓடிபி, அந்தரங்கப் படம் ஆகிய எதையும், எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும், அனுப்பவே கூடாது. சந்தேகம் வந்தால் வாதம் செய்யாமல், உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தில் புகார் அளித்துவிட்டு ப்ளாக் செய்துவிடுங்கள்.

முதல் சந்திப்பு பகல் நேரத்தில், ஆட்கள் நடமாடும் பொது இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். சொந்த ஏற்பாட்டில் சென்று சொந்த ஏற்பாட்டில் திரும்புங்கள்; எங்கே, யாரோடு என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்; குடிக்கும் கோப்பையைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். பிடிக்கவில்லையென்றால் பதில் சொல்லாமல் மறைந்துவிடுவதை விட, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, ஆனால் இதைத் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை’ என்று இரண்டு வரி எழுதிவிடுவதே பண்பு. மிரட்டியவருக்கோ அத்துமீறியவருக்கோ அந்த மரியாதையும் தேவையில்லை.

இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துவிட்டால், வேறு யாரோடும் பழகுவதில்லை என்பதை வாய்விட்டே பேசிக்கொள்ளுங்கள். இதில் ஊகம் சண்டைக்கு வழி வகுக்கும். பிறகு கணக்கை மூடுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் மட்டும் கணக்கு அழிந்துவிடாது, உங்கள் விவரம் பிறர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கலாம், கட்டணச் சந்தாவும் தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். முதலில் சந்தாவை ரத்து செய்து, அடுத்து அமைப்புகள் பகுதிக்குள் சென்று கணக்கை அழித்து, அதன் பிறகே செயலியை நீக்க வேண்டும்.