போரிலிருந்து திரும்பிய நாயகன்: ஆக்‌ஷன் திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் அனுபவத்தால் மனம் குலைந்த முன்னாள் ராணுவ வீரன் ஒருவனை நாயகனாக்கி ஆக்‌ஷன் படம் எழுத முற்படுவோருக்கு முதலில் நினைவுக்கு வருபவன், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஹாலிவுட் நாயகன் ராம்போதான். ஆனால் அவர்கள் நினைத்துக்கொள்வது எதிரிகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத் தள்ளும் 1985ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்து ராம்போவை. 1982இல் டெட் கோட்செஃப் இயக்கத்தில் வெளிவந்த முதல் பாகமான 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் இருப்பவன் வேறு ஆள். அதில் இறப்பதாகத் தெளிவாகக் காட்டப்படுபவர் ஒரே ஒருவர். அவரும் ஹெலிகாப்டரிலிருந்து சட்டவிரோதமாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போது, நாயகன் எறிந்த கல்லால் நிலைகுலைந்து விழுகிற காவலர். காட்டுக்குள் துரத்தி வரும் மற்ற காவலர்களை அவன் ஒவ்வொருவராகக் காயப்படுத்தி முடக்குகிறானே தவிர, கொல்வதில்லை. கொல்லத் தெரிந்தவன் கொல்லாமல் இருப்பதற்குப் படும் பாடுதான் அங்கே பதற்றத்தை உண்டாக்குகிறது. ஆகவே, சண்டைக்காட்சிகளின் வலிமையைப் பிணங்களின் எண்ணிக்கையால் அளப்பது இவ்வகைப் படங்களில் நேரும் முதல் தவறு.

அடுத்த தவறு ஃப்ளாஷ்பேக்கில் நிகழ்கிறது. இடைவேளைக்குப் பின் இருபது நிமிடங்களை ஒதுக்கி, போர்முனை, நண்பர்களின் கேலி, ஒரு பாட்டு, துரோகம், குண்டுவெடிப்பு என்று முழுக்கதையையும் வரிசையாகச் சொல்லிவிடுவது நம் எழுத்தாளர்களுக்குக் கைவந்த பழக்கம். மனக்காயத்தின் நினைவு அப்படி வரிசையாக வருவதில்லை. அது துண்டு துண்டாக, அழைக்காமல், ஏதோ ஒரு பொருளையோ ஓசையையோ வாசனையையோ பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நினைவுக்கு ஆட்படுபவனுக்கு அது கடந்த காலமாகத் தோன்றுவதுமில்லை. 'ஃபர்ஸ்ட் பிளட்' இதைக் கையாளும் விதத்தைக் கூர்ந்து பார்க்கலாம். காவல் நிலையத்தில் அவனுடைய மேலாடையைக் களையும்போது உடலெங்கும் உள்ள தழும்புகள் நமக்குத் தெரிகின்றன. அவற்றைப் பார்த்த இளம் காவலர் ஒருவர் திகைக்கிறார். ஆனால் யாரும் விளக்கம் தருவதில்லை. பிறகு அவனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சோப்பு நுரைகூட இல்லாமல் சவரக்கத்தியை முகத்தருகே கொண்டுவருகிறார்கள். அந்தக் கணத்தில், கட்டப்பட்ட அவன் மார்பில் எதிரி கத்தியை இழுக்கும் காட்சி சில நொடிகள் மின்னி மறைகிறது. உடனே அவன் காவலர்களைத் தூக்கி எறிகிறான். தழும்பு, கத்தி, நினைவு, தாக்குதல் என்ற இந்த வரிசையில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ஃப்ளாஷ்பேக் கதையை விளக்கவில்லை. கதையை முன்னே தள்ளுகிறது.

நோயைப் பற்றிய அறியாமை மூன்றாவது. பி.டி.எஸ்.டி. எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது 1980இல்தான்; அதற்கு வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலை ஒரு முக்கியக் காரணம். வேண்டாத நினைவுகளும் கெட்ட கனவுகளும் திரும்பத் திரும்ப வருவது, அவற்றை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, குற்றவுணர்வும் பற்றின்மையுமாக மனநிலை மாறுவது, எந்நேரமும் உடல் விழிப்பில் இருப்பது என நான்கு வகை அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் அதை இந்நோய் என்கிறார்கள். திரைக்கதைகளோ முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, வியர்த்துக்கொட்ட எழுந்து உட்காரும் நாயகனையும் பக்கத்தில் ஒரு மதுப்புட்டியையும் காட்டிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நடிப்பதற்கு நல்ல தீனி இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் இருக்கிறது: உணவகத்தில் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி மட்டுமே உட்காருபவன், நண்பனின் மனைவி தொலைபேசியில் அழைத்தால் எடுக்காதவன், நெரிசலான இடத்தில் பேச்சைக் கவனிக்க முடியாமல் எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பவன். இதோடு, இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வன்முறையில் இறங்குவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நோய் இருப்பதாலேயே அவன் வெடிக்கும் குண்டாகிவிடுகிறான் என்று எழுதுவது சோம்பல்; அவனை நெருக்கித் தள்ளியவர் யார், எப்படி என்பதைப் படிப்படியாகக் காட்டுவதுதான் உழைப்பு.

நான்காவது தவறு, காயத்தை வல்லமையாக மாற்றிவிடுவது. மற்ற நேரங்களில் கை நடுங்கும் நாயகன், வில்லனின் ஆட்கள் வந்ததும் இயந்திரம்போல் துல்லியமாகச் சுடுகிறான். சண்டை முடிந்ததும் பின்னணி இசையோடு மெதுவாக நடந்து வருகிறான். எனக்கு இது படத்தின் அடிப்படையையே பொய்யாக்குவதாகப் படுகிறது. ஓயாத விழிப்பு என்பது கூர்மை மட்டுமல்ல. இல்லாத ஆபத்தையும் இருப்பதாகக் காட்டும் கோளாறும் அதுவே. எனவே ஒருமுறையாவது அவன் தவறாகக் கணிக்க வேண்டும், அந்தத் தவறு தீங்கற்ற ஒருவரைத் தொட வேண்டும், அதன் பிறகு அவன் சண்டையிடும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர் எதிரிக்காகவும் அஞ்ச வேண்டும். உடலுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் முதலிடத்தில் இருப்பது காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல். மூடிய அறைக்குள் துப்பாக்கி வெடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு எதிரில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது; சைலன்சர் பொருத்தினாலும் ஓசை குறையுமே ஒழிய மறையாது. இதை ஒலி வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், செலவில்லாமல் ஒரு சண்டைக்காட்சி புதிதாகிவிடும்.

'ஏதோ ஒரு போர்' என்று பொதுவாக எழுதுவதும் பிழையே. எந்தப் போர், என்ன பணி, எப்படித் திரும்பினான் என்பவை பாத்திரத்தையே மாற்றும். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கர்களில் பலர் சக வீரர்களோடு பல நாள் கப்பலில் பயணித்தார்கள். நடந்ததைத் தங்களுக்குள் பேசித் தீர்க்க அவகாசம் இருந்தது. வியட்நாமில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஓராண்டுப் பணிக்காலம்; அது முடிந்ததும் அவரவர் தனித்தனியே விமானம் ஏறி, ஓரிரு நாளில் காட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 'ஃபர்ஸ்ட் பிளட்' தொடங்குவதும் ஒரு வீட்டு வாசலில்தான். தன் பிரிவில் எஞ்சியிருந்த கடைசி நண்பனைத் தேடி வருபவனிடம், வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் வந்த புற்றுநோயில் அவன் இறந்துவிட்டான் என்று சொல்லப்படுகிறது. ஒரு சண்டையும் தொடங்குவதற்கு முன்பே அவன் முற்றிலும் தனியனாகிவிடுகிறான்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு மூலமான டேவிட் மோரலின் 1972ஆம் ஆண்டு நாவலில், நாயகனைத் துரத்தும் காவல்துறைத் தலைவரும் கொரியப் போரில் சண்டையிட்டவர் என்பதே, வில்லனுக்கும் ஒரு கடந்த காலம் வேண்டும் என்பதற்குப் போதிய பாடம்.

கடைசியாக, க்ளைமாக்ஸ். காதலியின் அணைப்பில் நோய் தீர்வதும், நாட்டுக்காக உயிர்விட்டுக் கணக்கு முடிப்பதும் எழுதுபவரின் வேலையைச் சுலபமாக்கும் வழிகள். நோய் குணமாவது உண்மையில் மெதுவான, அலுப்பூட்டும் வேலை. நடைமுறையில் உள்ள பேச்சு சிகிச்சை ஒன்றுக்கே சுமார் 12 அமர்வுகள் ஆகும். நாவலில் ராம்போ இறக்கிறான். படத்துக்காகவும் அவன் இறக்கும் முடிவு படமாக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. திரையில் நிலைத்தது அவன் உடைந்து அழுது சரணடையும் முடிவு. அந்தப் பேச்சில் ஒழுங்கே இல்லை: போரில் விலையுயர்ந்த தளவாடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவனுக்கு ஊரில் வேலை கிடைக்காதது பற்றிப் பேசி, சைகோனில் ஒரு சிறுவன் கொண்டுவந்த ஷூ பாலிஷ் பெட்டி வெடித்ததற்குத் தாவி, சிதறிய நண்பனின் கால்களைத் தேடியதில் வந்து தடுமாறுகிறது. இந்த இடத்தில் கைதட்டலுக்கு ஏற்ற பஞ்ச் வசனத்தை வைத்தால், அதுவரை எழுதிய பாத்திரம் மறைந்து நட்சத்திரம் மட்டும் எஞ்சுவார்.