சிஆர்எம் போடும் முன் தேவைகளைக் கேட்பதில் நடக்கும் தவறுகள்

வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் சிஆர்எம் மென்பொருள் போட்டு ஆறு மாதம் ஆகியும் விற்பனைக் குழு பழைய எக்செல் கோப்பிலேயே வேலை பார்க்கிறதா? கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது. என்ன வேண்டும் என்று யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் இருக்கும்.

பலரும் மென்பொருளை விற்பவர் செய்து காட்டும் டெமோவில் தொடங்குகிறார்கள். டெமோ பார்த்துவிட்டுத் தேவைகளை எழுத உட்கார்ந்தால், திரையில் பார்த்த வசதிகள்தான் பட்டியலாக வரும். முதலில் எழுதுங்கள், அப்புறம் டெமோ பாருங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, மேலாளர்களை மட்டும் கேட்பது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்; எப்படி நடக்கிறது என்பது இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். ஒருமுறை ஒரு விற்பனைப் பிரதிநிதியின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அவருடைய எக்செல் கோப்பில் சில வரிசைகள் மஞ்சளாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். “இவங்க பணம் தர இழுத்தடிப்பாங்க. புது ஆர்டர் எடுக்கும் முன்னாடி கணக்குப் பிரிவுல கேட்டுக்குவேன்” என்றார். நிலுவைத் தொகை சிஆர்எம் திரையிலேயே தெரிய வேண்டும், அதற்குக் கணக்கு மென்பொருளோடு இணைப்பு வேண்டும் என்ற தேவை அந்த மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது. அதற்கு முன் நடந்த மூன்று கூட்டங்களில் யாரும் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. தினமும் செய்கிற வேலை சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்தது சொற்கள். ‘லீட்’ என்றால் யார்? இணையப் படிவத்தை நிரப்பியவர் எல்லாரும் லீட் என்பார்கள் மார்க்கெட்டிங்கில். வாங்கும் எண்ணமும் பட்ஜெட்டும் உள்ளவர்தான் லீட் என்பார்கள் விற்பனையில். இரண்டு குழுவும் ஒரே சொல்லைச் சொல்லித் தலையாட்டிவிட்டுக் கூட்டத்தை முடித்துவிடும். முதல் மாத அறிக்கை வந்த பிறகு சண்டை தொடங்கும். ஒரே நிறுவனத்தின் மூன்று கிளைகள் ஒரு வாடிக்கையாளரா, மூன்று பேரா? ஒரு பேரம் (முடியக்கூடிய ஒரு விற்பனை) ‘பேச்சுவார்த்தை’ நிலைக்குப் போவது விலைப்புள்ளி அனுப்பியதுமா, அதற்குப் பதில் வந்த பிறகா? பல சிஆர்எம்களில் ஒவ்வொரு நிலைக்கும், பேரம் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு சதவீதம் வைத்து, அதைப் பேரத்தின் தொகையோடு பெருக்கித்தான் வரப்போகும் வருமானத்தைக் கணிக்கிறார்கள். நிலைக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருந்தால் அந்தக் கணிப்பை நம்பவே முடியாது.

எல்லாத் தகவலையும் கட்டாயம் ஆக்குவதும் வழக்கமாக நடக்கிற தவறு. ஒரு லீடைப் பதிய இருபத்தைந்து கட்டம் நிரப்ப வேண்டும் என்றால், பிரதிநிதி புள்ளி வைப்பார், தொலைபேசி எண்ணுக்குப் பத்துச் சுழியம் அடிப்பார். அவர் மேல் குற்றம் இல்லை, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேளுங்கள்: யார் நிரப்புவார், எப்போது, யார் அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையா, அந்தக் கட்டம் வேண்டாம்.

‘பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘அழைப்பு முடிந்த ஒரு நிமிடத்துக்குள் கைபேசியிலேயே பதிய முடிய வேண்டும்’ என்று எழுதினால் முடியும்.

எல்லாமே அவசரம் என்று வந்தால், 1994இல் டாய் கிளெக் என்ற மென்பொருள் வல்லுநர் உருவாக்கிய, முன்னுரிமை பிரிக்கும் மாஸ்கோ (MoSCoW) முறை உதவும். கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, முடிந்தால் பார்க்கலாம், இந்த முறை இல்லை என்று நான்காகப் பிரிப்பது. நான்காவதைக் காலியாக விடாதீர்கள். எதை இப்போது செய்யப் போவதில்லை என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், பாதியில் புதுக் கோரிக்கைகள் நுழைவது நன்றாகவே குறையும்.

பழைய தரவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தொடக்கத்திலேயே ஒரு நூறு பதிவுகளைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார், சில எண்களில் நாட்டுக் குறியீடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, இரட்டைப் பதிவுகளை யார் சரிபார்ப்பது என்பதும் தேவைப் பட்டியலில் வர வேண்டும். அந்த நூறு பதிவுகளைப் பார்க்கும்போது, அவற்றைத் தினமும் தொடுகிறவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.