தூக்கச் செய்தியைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

'எட்டு மணி நேரம் தூங்க வேண்டியதே இல்லை' என்று ஒரு நாள், 'ஆறு மணி நேரம்தான் தூங்குகிறீர்களா, ஆபத்து!' என்று மறுநாள். நாளிதழைப் படித்தே தூக்கம் போய்விடும் போலிருக்கிறது. சரி, ஒரு பென்சிலையும் ஒரு தூக்கச் செய்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தலைப்பை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எண்களை வட்டமிடுங்கள்.

படி 2: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'படுக்கையா, தூக்கமா?' என்று எழுதுங்கள். வழுக்குகிற இடம் இதுதான். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்கள் 94 பேரின் தூக்கத்தை, மணிக்கட்டில் கட்டும் கருவியால் அளந்தார்கள். மின்விளக்கு இல்லாத வாழ்க்கை. தூங்கியது சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரம். 'நம் முன்னோரே எட்டு மணி நேரம் தூங்கவில்லை' என்ற தொனியில் செய்திகள் வந்தன. (அளக்கப்பட்டவர்கள் முன்னோர் அல்ல, நம் காலத்து மனிதர்கள். அது தனிக் கதை.) ஆனால் கண்ணயர்ந்தது முதல் காலையில் விழித்தது வரை கணக்கிட்டால் 6.9 முதல் 8.5 மணி நேரம். நடுவில் விழித்திருந்ததைக் கழித்த பிறகு வந்ததுதான் அந்தச் சின்ன எண். நாமோ 'பத்துக்குப் படுத்தேன், ஆறுக்கு எழுந்தேன், எட்டு மணி நேரம்' என்று கணக்குச் சொல்கிறவர்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

படி 3: எண்ணியது யார்? கருவியா, 'எவ்வளவு தூங்குவீர்கள்?' என்று கேட்ட கருத்துக்கணிப்பா? உலகத் தூக்க தினம் மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை வரும். அந்த வாரத்துக் கணிப்புகளில், நடத்தியது மெத்தை விற்பவரா என்று கடைசிப் பத்தி வரை தேடுங்கள்.

படி 4: 'தூக்கமின்மை' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். படுக்க நேரம் இருந்தும் வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதமாவது நீடித்து, பகல் வேலையும் பாதிக்கப்பட்டால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். செய்தியிலோ செல்போன் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் படுப்பவருக்கும் அதே பெயர்தான். அப்புறம் குறட்டை. கணவர் குறட்டை விட, மனைவி காதைப் பொத்திக்கொள்ளும் படத்தோடு சிரிப்புச் செய்தியாக வரும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பெண்களுக்கும் அது வரும் என்ற வரி இல்லையென்றால், ஓரத்தில் நீங்களே எழுதிவிடுங்கள்.

படி 5: இப்போது தலைப்பை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுங்கள். 2015 செய்திக்கு நான் எழுதியது: 'ஹட்சா மக்களும் தூக்கத்தின் நடுவே விழித்துக்கொள்கிறார்கள்'. விற்காது, தெரியும்.