புது ராம் போட்டதும் கறுத்துப்போன திரை

16 ஜிபி ராமுடன் (தற்காலிக நினைவகம்) இருந்த கணினியில் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தேன். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். கோப்புகள் போய்விடுமோ என்ற பயம் வேறு. (போகாது, அவை இருப்பது டிஸ்கில்.)

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழைய ராமை மட்டும் செருகினேன். அப்போதும் வரவில்லை. சரி, குற்றம் புது ராமில் இல்லை போலும். மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகை) அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமோஸ் பேட்டரியைக் கழற்றி 5 நிமிடம் கழித்து மாட்டினேன். உயிர் வந்தது!

அப்புறம் கையேட்டில் சொன்ன ஸ்லாட்டுகளில் இரண்டையும் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். திரை மறுபடி கறுப்பு. இந்த முறை கை வைக்கவில்லை. என்னுடையதுபோல டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராமை மாற்றினால், முதல் தடவை அதைப் பழக்கப்படுத்திக்கொள்ள மதர்போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். நான்காவது நிமிடத்தில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) திரை வந்தது, 32 ஜிபி என்று காட்டியது.