முகத்தில் பச்சைக் கோடு ஏன்? உருவப்படம் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண் ஒருவரை ஓவியர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டு கறுப்புக் கோடு, மூக்கோரம் ஒரு பச்சைப் பட்டை. முகம் அவ்வளவுதான். பார்க்க வருபவர் எடுத்த எடுப்பில் சொல்வார்: "ஆள் மாதிரியே இல்லையே!"

அங்கேயே பாதிப் படம் கைநழுவிவிடுகிறது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் சேதுபதி மன்னரை மூக்கையும் தாடையையும் வைத்தா கண்டுபிடிக்கிறோம்? உடையும் நகையும் சுற்றி நிற்கும் ஆட்களும் சொல்லிவிடுகிறார்கள். அதை ஒத்துக்கொள்ளும் நாம், புதுப் படத்திடம் மட்டும் பாஸ்போர்ட் போட்டோ கேட்கிறோம்.

வரையத் தெரியாமல் சுருக்கிவிட்டார் என்பது அடுத்த தவறு. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து கை பழகியவர். அப்புறம்தான் 1905இல் தன் மனைவியின் முகத்தில் நெற்றியிலிருந்து கீழே பச்சைப் பட்டை இழுத்தார்.

அதிகம் பேர் வழுக்குவது நிறத்தில். சிவப்பு கோபம், நீலம் சோகம் என்று கையில் பட்டியலோடு வருகிறார்கள். மத்தீஸின் பச்சைக்கு அப்படி ஒரு அர்த்தம் தேட வேண்டியதில்லை. பட்டையின் ஒரு பக்கம் முகம் மஞ்சளாகவும் மறுபக்கம் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தை அவர் கறுப்பில் காட்டாமல் நிறத்தில் காட்டினார், அவ்வளவே. நம்பிக்கை வரவில்லையா? உச்சி வெயிலில் மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஒருவரை நிழலில் நிறுத்தி, தாடைக்குக் கீழே உற்றுப் பாருங்கள். மணலும் தண்ணீரும் திருப்பி அனுப்பும் வெளிச்சம் அங்கே இருக்கும். கறுப்பு என்று சொல்ல முடியாது.

போனில் பார்த்து முடிவு கட்டுவதும் வேண்டாம். சாயம் எங்கே தடிப்பாக நிற்கிறது, எங்கே சாயத்துக்கு அடியிலுள்ள துணி தெரிகிறது என்பதெல்லாம் திரையில் தட்டையாகிவிடும்.

எனக்கு எரிச்சலூட்டுவது பரிதாபம்தான். பாசி எடுப்பவர், சிரிக்கவில்லை, உடனே "பாவம், என்ன கஷ்டமோ!" அது பார்ப்பவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஓவியர் எதை விட்டார், எதை விடவில்லை என்று பாருங்கள். முகத்தை நாலு கோட்டில் முடித்தவர், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை மட்டும் மடிப்பு மடிப்பாக வரைந்திருந்தால், அந்தப் படத்தில் முகமே கைதான்.