ஜோ மீக்கை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஜோ மீக், 1960களில் லண்டனில் தன் வீட்டிலேயே பாட்டுகளைப் பதிந்து வெளியிட்ட இசைத் தயாரிப்பாளர். அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அவருடைய சாவுதான். அங்கே தொடங்காதீர்கள். முதலில் பாட்டு. அதுவும் போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

டோர்னடோஸ் குழு வாசித்த 'டெல்ஸ்டார்', 1962. அந்த ஜூலையில் விண்ணுக்குப் போன செயற்கைக்கோளின் பெயர்தான் பாட்டுக்கும். மெட்டு மீக்குடையது. அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது, அதனால் மனசில் இருப்பதை வாயாலேயே பாடி டேப்பில் பதிந்து கொடுத்துவிடுவார், வாசிக்கிறவர்கள் அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு இரைச்சல் வரும், அப்புறம் மெட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மெல்லிய கூர்மையான ஒலி வரும், அது கிளாவியோலின் என்ற சின்ன மின் கீபோர்டு. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு இவர்கள்தான், பீட்டில்ஸுக்கும் முன்னால்.

அடுத்து ஹனிகோம்ப்ஸ் குழுவின் 'ஹேவ் ஐ த ரைட்', 1964. இதில் கோரஸ் வரும்போது பாட்டை விட்டுவிட்டு அந்தத் தடதட சத்தத்தை மட்டும் கேளுங்கள். அது மாடிப்படி! லண்டன் ஹாலோவே ரோடு 304ஆம் எண், கீழே தோல் சாமான் கடை, மேலே மீக்கின் வாடகை வீடு, அதுதான் ஸ்டுடியோ. சைக்கிள் கிளிப்பால் மைக்குகளைப் படிக்கட்டின் கைப்பிடியில் மாட்டி, குழுவினரைப் படியில் மிதிக்க வைத்துப் பதிந்தார். எனக்கு இன்றும் இந்த இடம் வந்தால் உடம்பு சிலிர்க்கும்.

சரி, இப்போது சாவைப் படிக்கலாம். 'டெல்ஸ்டார்' மெட்டு தன்னுடையது என்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, அந்தப் பாட்டின் ராயல்டி முழுக்க முடங்கியது. ஆண் ஆணை விரும்புவது இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலம், 1963இல் அதற்காகக் கைதானார், பெயர் பேப்பரில் வந்தது. கடன், பயம், மனநோய். 1967 பிப்ரவரி 3 அன்று வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மாவைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். வயது 37. சில வாரங்களில் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. இந்தக் கடைசித் தகவலைச் சொல்லி உருகுகிற பலர் அந்த அம்மாவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் யாருக்காவது இந்தக் கதையைச் சொன்னால் அப்படிச் செய்யாதீர்கள், அந்த அம்மா ஒரு தவறும் செய்யவில்லை.

அப்புறம் தேயிலைப் பெட்டி டேப்புகள். மீக் விட்டுப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேப் சுருள்கள் தேயிலைப் பெட்டிகளில் 300 பவுண்டுக்கு விலைபோய், பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. 2020இல் ஒரு இசை நிறுவனம் வாங்கி வெளியிடத் தொடங்கியது. அடுத்து அவற்றைக் கேளுங்கள்.