அப்பத்தா முகத்துக்கு ஐந்து பென்சில் போதும்
முகம் வரைய நல்ல கலர் பென்சில் வாங்கிப் பார்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே 120 நிறப் பெட்டிக்குப் போகாதீர்கள். ஃபேபர் காஸ்டெல் நிறுவனத்தின் பாலிக்ரோமோஸ் கலர் பென்சில் தனித்தனியாகவும் கிடைக்கிறது. மேலூரில் தண்டட்டி போட்ட எங்கள் அப்பத்தாவை நான் வரைந்தது பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் ஆக்கர் (இரண்டும் பழுப்பு வகை), வெனீஷியன் ரெட், கிரீம், டார்க் இண்டிகோ (கருநீலம்), இந்த ஐந்தை வைத்துத்தான். நம் மாநிறத்துக்கு நிழல் போடக் கறுப்பைத் தொடாதீர்கள், தோல் களையிழந்து போய்விடும். இண்டிகோவை அடியில் மெல்லப் பூசி, அதன்மேல் பழுப்பை அழுத்தாமல் ஏழெட்டு அடுக்கு ஏற்றிக்கொண்டே போனால் கன்னத்துச் சுருக்கமெல்லாம் அப்படியே தெரியும். அப்புறம், தாள் லேசாகச் சொரசொரப்பாக இருக்கட்டும், ரொம்ப வழவழப்பான தாளில் அத்தனை அடுக்கு பிடிக்காது. பாலிக்ரோமோஸுக்குப் பதில் மெழுகு சேர்த்த வகைக் கலர் பென்சிலென்றால் அடர்ந்த இடங்களில் சில நாளில் வெளிறிய படலம் படியும், மெல்லிய துணியால் துடைத்தால் சரி.